மேற்கோள் பட்டியலில் ஒரு கணவர்

கமாவுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட வேண்டும். ஒன்றுதான். இரண்டு விட்டிருந்தால் கமாக்காவுக்கு முதுகில் எங்கோ அரிக்கும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, திரையை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து, கூடுதலாக நிற்கிற அந்த இடைவெளியைச் சுட்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டி அழிப்பார். அழித்ததும் "போ" என்பார், வாசலில் நிற்கிற யாரையோ அனுப்பி வைப்பதுபோல. பிறகு அடுத்த வரி. ஒரு நாளைக்கு அவர் எத்தனை "போ" சொல்கிறார் என்று பக்கத்து மேசைக்காரர்கள் எண்ணிப் பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

அவர் வேலை பார்ப்பது விலங்குகளின் நடத்தையைப் பற்றிய ஓர் ஆய்விதழின் அலுவலகத்தில். எறும்பு ஏன் வரிசையை விட்டு விலகுகிறது, சிலந்தி எந்த நேரத்தில் வலையைப் பிரிக்கிறது என்றெல்லாம் எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி அனுப்புகிற கட்டுரைகள் இங்கே வந்து சேரும். ஒவ்வொரு கட்டுரையின் வாலிலும் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் தொங்கும். இன்னார் இன்ன ஆண்டில் எழுதிய இன்ன கட்டுரையைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன் என்று ஆய்வாளர் காட்டுகிற மேற்கோள் பட்டியல். படிக்கிறவர்கள் அதைத் தாண்டிக் குதித்து அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார்கள். கமாக்காவின் ராஜ்யம் தொடங்குவதே அங்கேதான்.

கமாக்கா என்ற பட்டப்பெயரை வைத்தது யார் என்று தெரியவில்லை. வைத்தவர் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். முதலில் முதுகுக்குப் பின்னால் புழங்கியது, பிறகு மெல்ல முன்பக்கம் வந்து, இப்போது காப்பி கொண்டுவருகிறவர்கூட "கமாக்கா, சர்க்கரை போடலாமா?" என்றுதான் கேட்கிறார். அவருக்கு வருத்தமில்லை. "முற்றுப்புள்ளினு வைக்காம விட்டாங்களே, அதுவே பெரிசு" என்பார்.

வெளியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் தலை சுற்றும். இந்த ஆய்விதழில் ஆண்டு அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். இதழின் பெயர் சாய்வெழுத்தில், தொகுதி எண் தடித்த எழுத்தில், பக்க எண்கள் சாதாரணமாக. இரண்டு பக்க எண்களுக்கு நடுவே வருவது சின்னக் கோடு அல்ல, அதைவிடச் சற்றே நீண்ட கோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அரிசி நீளம்கூட இராது. கமாக்கா அதை அறையின் மறுகோடியிலிருந்தே கண்டுபிடிப்பார். ஆய்வாளர்களோ முந்தைய வாரம் வேறோர் இதழ் திருப்பி அனுப்பிய பட்டியலை அப்படியே தூக்கி இங்கே போடுவார்கள். ஒரே பட்டியலில் நான்கு இதழ்களின் வழக்கம் கலந்து கிடக்கும். அப்படி ஒன்று வந்தால் கமாக்காவுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். வெளியே மட்டும் தலையில் அடித்துக்கொள்வார்.

அலுவலகம் முடிந்த பிறகும் கை சும்மா இருப்பதில்லை. சாப்பாட்டுக் கடையின் விலைப்பட்டியலில் புள்ளி விட்டுப்போயிருந்தால் பேனாவை எடுத்து வைத்துவிடுவார். குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் தண்ணீர் வராத நேரத்தைப் பற்றிய காகிதம் ஒட்டினால், மாலைக்குள் அதில் இரண்டு கமா முளைத்திருக்கும். சங்கச் செயலாளர் ஒருமுறை முறைத்துப் பார்த்ததோடு சரி, இப்போதெல்லாம் ஒட்டுவதற்கு முன்பே கொண்டுவந்து காட்டிவிடுகிறார்.

இதில் அதிகம் அகப்பட்டுக்கொண்டவர் அவருடைய கணவர். மனிதர் கையெழுத்துப் போடும்போது முன்னெழுத்துக்குப் பிறகு புள்ளி வைக்க மாட்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, கை அப்படிப் பழகிவிட்டது. வங்கிப் படிவமானாலும் சரி, மகளின் பள்ளி அட்டையானாலும் சரி, அவர் போட்டு முடித்த கையோடு கமாக்கா பேனாவை வாங்கி அந்தப் புள்ளியை வைத்துவிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இது நடக்கிறது. "நான் வெச்ச புள்ளியை எல்லாம் சேத்தா ஒரு பேனா தீந்திருக்கும்" என்பது அவர் கணக்கு.

புள்ளியும் கோடும் கமாக்காவின் வெளிவேலை. அவருடைய உண்மையான கெடுபிடி வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. பட்டியலில் ஒரு கட்டுரை சந்தேகமாகப் பட்டால் எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதை நீங்க படிச்சீங்களா?"

குரலில் கோபம் இருக்காது. அதுதான் பயமே. சிலர் படித்தேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் அந்த மேற்கோளை நீக்கச் சொல்லி அனுப்புவார்கள். சிலர் இருமுவார்கள். ஒருவர் போன வருஷம் இணைப்பு சரியில்லை என்று துண்டித்துவிட்டு, ஒரு வாரம் எடுத்துப் படித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். கமாக்கா அவருக்கு நல்ல பிள்ளை என்று பட்டம் கொடுத்திருக்கிறார். படிக்காத கட்டுரையைப் பட்டியலில் போடுவது அவரைப் பொறுத்தவரை பொய்ச் சாட்சி.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் கிணறு மாதிரியான குழிகளுக்குள் எண்ணெயும் கம்பியுமாக இருப்பவர். பாதி வழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், உறவினரை எல்லாம் தொலைபேசியில் வரவழைப்பார்கள். அவர்களிடம் நீளமாகப் பேசினால் பதற்றம் கூடும் என்பது அவர் அனுபவம். அதனால் எல்லாவற்றுக்கும் "உம்" என்று ஒரு பதில் வைத்திருக்கிறார். மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த "உம்" பெரிய ஆறுதலாம். வீட்டில் அதற்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. பால் வாங்கி வந்தீர்களா என்றாலும் "உம்", குழாய் ஒழுகுகிறதே என்றாலும் "உம்", மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டாளா என்றாலும் "உம்". அதையும் மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் சொல்வார்.

இங்கே கமாக்காவின் ஒரு ரகசியப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் சில இடங்களில் 'இது முன்பே அறியப்பட்டதே' என்று எழுதிவிட்டு, ஆதாரம் பிறகு தருகிறேன் என்று ஒரு குறிப்பை விட்டுப் போவார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால் பட்டியலின் வரிசை எண்கள் எல்லாம் குலைந்துவிடும். அதனால் ஒரு பொய்க் கட்டுரையை எழுதி அங்கே உட்கார வைக்க வேண்டும். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அதுபோல. உண்மையான ஆதாரம் வந்ததும் துண்டை எடுத்துவிடலாம். அலுவலகத்தில் மற்றவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் அ, ஆ, இ என்று ஏதாவது தட்டி வைப்பார்கள். கமாக்காவுக்கு அந்த அசட்டுத்தனம் பிடிக்காது. பொய்யாக இருந்தாலும் வடிவம் சரியாக இருக்க வேண்டும். ஆகவே ஆசிரியர் பெயராகத் தன் கணவர் பெயரையே போடுவார். ஆண்டு, தங்கள் கல்யாண ஆண்டு. தொகுதி எண், வீட்டுக் கதவு எண். பக்க எண்களில் முதலாவது கணவரின் செருப்பு அளவு. தலைப்பு மட்டும் அன்றன்றைக்கு வீட்டில் நடந்ததைப் பொறுத்து மாறும். ஈரத் துண்டைப் பற்றி, குறட்டையைப் பற்றி, தேடினால் கிடைக்காத திருப்புளியைப் பற்றி எல்லாம் அவர் கணவர் அறிவியல் நடையில் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். எல்லாமே சிவப்பு எழுத்தில் இருக்கும். வேலை முடிவதற்குள் ஒவ்வொன்றும் "போ" வாங்கிக்கொண்டு போய்விடும்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பதிப்பகத்தார் அடிமடியில் கை வைத்தார்கள். மேற்கோள் பட்டியலைத் தானாகவே சரிபார்க்கிற மென்பொருள் ஒன்று வந்திருக்கிறதாம். நீளமான கோடு, சின்னக் கோடு, சாய்வெழுத்து எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுமாம். சோதனையாக ஒரு கட்டுரையை அதற்குக் கொடுப்பார்கள், அதே கட்டுரையைக் கமாக்காவும் பார்ப்பார். மென்பொருள் தவறு விடவில்லை என்றால் வருஷக் கடைசியோடு அவருக்கு ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இதை அவரிடம் சொன்னவர் இதழின் ஆசிரியரான பேராசிரியர். தவளைகளைப் பற்றியே வாழ்நாளைக் கழித்த, ஓய்வுபெற்ற மனிதர். சொல்லும்போது அவர் கமாக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பூங்கொத்து வேண்டாம் சார், எனக்குத் தும்மல் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கமாக்கா தன் இடத்துக்கு வந்தார். வீட்டுச் செலவை லிஃப்ட் பார்த்துக்கொள்ளும், அது பயமில்லை. காலையில் எழுந்து தலை சீவி இந்த மேசைக்கு வந்து உட்காராமல் இருப்பது எப்படி என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

சோதனைக் கட்டுரை வந்தது. ஓர் ஆய்வாளர் சில்வண்டுகளைப் பற்றி எழுதியது. மென்பொருள் தன் வேலையை முடித்து, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி போட்டு அனுப்பியிருந்தது. அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்கக் கமாக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு தவறு, ஒரே ஒரு தவறு அகப்பட்டால் போதும். கோடுகள் சரியாக இருந்தன. இடைவெளிகளும் சரி. அவர் வாயிலிருந்து வெகுநேரம் ஒரு "போ"கூட வரவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாதிப் பட்டியல் தாண்டியதும் அவர் கை நின்றது. மாமனாரின் பெயர்.

ஆய்விதழ்களின் வழக்கப்படி அப்பா முன்னால் நடப்பார், பிள்ளை ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் பின்னால் வருவார். மாமனாரின் பெயருக்குப் பின்னால் கணவரின் முதலெழுத்து. அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்று கமாக்கா முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆண்டைப் பார்த்தார், கல்யாண ஆண்டு. தொகுதி எண்ணைப் பார்த்தார், கதவு எண். செருப்பு அளவும் சரியாகவே இருந்தது. தலைப்பு: 'தொடர் அழைப்புக்கு முதிர்ந்த ஆண்கள் பதில் தராமை: ஒரு நீண்டகால அவதானிப்பு'. பக்கத்தில் பச்சைச் சரிக்குறி.

அப்படியே எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். கணவர் அங்கேயேதான் இருந்தார்.

சில்வண்டு ஆய்வாளருக்குத் தொலைபேசி போட்டார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். இதைப் படித்தீர்களா? மறுமுனையில் தயக்கமே இல்லை.

"படிச்சேன் மேடம். பழைய பேப்பர்தான், ஆனா அடிப்படையான பேப்பர். ரொம்ப நிதானமா எழுதியிருப்பார்."

கமாக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டார். கணவர் நிதானமானவர்தான், அதில் பொய்யில்லை.

நடந்தது என்ன என்று தேடி எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு இதே இதழில் ஆண் தவளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர் ஆதாரம் பிறகு தருகிறேன் என்று ஓரிடத்தை விட்டிருந்தார். அன்றைக்குக் காலையில் கமாக்கா குளியலறைக் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டும் கணவர் வாய் திறக்காத நாள். அந்தக் கோபத்தில் பிறந்த தலைப்பு அது. பிறகு ஆதாரம் வந்தது, ஆனால் துண்டை எடுத்துவிட்டு அங்கே உட்காராமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டது. அச்சுக்கு மாற்றும்போது சிவப்பு கறுப்பானது. தலைப்போ தவளைக்கு அப்படியே பொருந்திவிட்டது. கல்யாண ஆண்டின் இதழ்கள் எதுவும் இணையத்தில் ஏறாததால் தேடிப் பார்க்கவும் யாருக்கும் வழியில்லை. சில்வண்டு ஆய்வாளர் அதைத் தவளைக் கட்டுரையிலிருந்து அப்படியே தன் பட்டியலுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு இடத்தில் இருப்பதால் உண்மை என்று மென்பொருளும் நம்பிவிட்டது.

எல்லாவற்றையும்விட அவரைச் சுட்டது வேறொன்று. அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் கமாக்காவேதான். அந்த வரியையும் படித்திருக்கிறார். கமாவும் கோடும் சரியாக இருந்ததால் கண் தாண்டிப் போய்விட்டது. வீட்டில் எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரின் பெயர் காகிதத்தில் எதிரே நின்றபோது அவருக்குத் தெரியவில்லை. இதை நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

இனி அவர் முன்னால் இரண்டு வழி. மென்பொருள் ஒரு பொய்க் கட்டுரையை விட்டுவிட்டது என்று அறிக்கை கொடுத்துவிட்டு, அந்தப் பொய் எங்கே பிறந்தது என்பதை விழுங்கிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மேசையும் நாற்காலியும் மிஞ்சும். இல்லை, முழுவதையும் சொல்லலாம். சொன்னால் மென்பொருளுக்கு முன்னால் அவர்தான் வீட்டுக்குப் போவார். அவர் வேண்டி வேண்டித் தேடிய தவறு கையில் கிடைத்துவிட்டது, ஆனால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமானால் கூடவே தன்னையும் கொடுக்க வேண்டும்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அந்தப் பக்கத்தைக் கணவர் முன்னால் வைத்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எங்கப்பா பேர் மாதிரி இருக்கிறதே என்றார். கமாக்கா எல்லாவற்றையும் சொன்னார், குறட்டைக் கட்டுரையும் ஈரத் துண்டுக் கட்டுரையும் உட்பட. கணவர் தலைப்பை எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை வாசித்தார்.

"இது நானா?"

"உம்" என்றார் கமாக்கா.

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கமாக்கா பார்த்து நாளாயிற்று. பிறகு இதை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கேட்டார், முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. ஒருத்தரும் படிக்கவில்லை, அதுதான் பிரச்சினையே என்றார் கமாக்கா. பிரச்சினை முழுவதும் புரிந்ததும் சிரிப்பு அடங்கியது.

"லிஃப்ட் நின்னா ஏன் நின்னுச்சுனு எழுதி வெக்கணும். எழுதாம ஓட விட்டா அடுத்து வேற யாராவது மாட்டுவாங்க. நீ சொல்லிடு." அவ்வளவுதான் என்று கமாக்கா தட்டை எடுக்கும்போது கணவர் மறுபடி பேசினார். ஒரே மாலையில் இரண்டு தடவை அவர் தானாகப் பேசுவது அந்த வீட்டில் அபூர்வம். "ஆனா அப்படி ஒரு ஆளே இல்லைனு எழுதிடாத. நான் இருக்கேன்ல."

சாதாரணமாகத்தான் சொன்னார். கமாக்காவுக்குத் தட்டு கையில் கனத்தது.

மறுநாள் காலையில் பேராசிரியரின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர் பேப்பர் வெயிட்டை உருட்டுவதை நிறுத்தினார். "அந்தப் பேப்பரை நான் படிச்ச மாதிரியே ஞாபகம் இருக்கே" என்றார் மெதுவாக. கமாக்கா மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேராசிரியர் நல்லவர். தொழில்நுட்பக் கோளாறு என்று இரண்டு வார்த்தையில் பூசி மெழுகிவிடலாம், கமாக்காவின் பேச்சே வேண்டாம் என்றார். கமாக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கோளாறுக்கு ஒரு பெயர் உண்டு, அது தன்னுடைய பெயர், அதைத்தான் போட வேண்டும் என்று நின்றார். பிடிவாதம் என்று வந்தால் இடைவெளியானாலும் ஒன்றுதான், பேராசிரியரானாலும் ஒன்றுதான். பதிப்பகத்துக்கு அவரே கைப்பட எழுதி அனுப்பினார்.

பதில் வரும்வரை அந்த மேசையிலிருந்து யாரும் "போ" கேட்கவில்லை. கமாக்கா இழுப்பறையைக் காலி செய்து, தேய்ந்த அழிப்பான்களையும் மகள் எப்போதோ வரைந்து கொடுத்த தவளைப் படத்தையும் ஒரு பைக்குள் போட்டு வைத்துவிட்டார். சொல்லிக்கொள்ளாமல் போவது அவருக்குப் பிடிக்காது, அதனால் காப்பிக்காரரிடம்கூட இரண்டு நாளில் கிளம்ப வேண்டியிருக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

பதில் நீளமாக வந்தது. முக்கால்வாசி திட்டு. பொய்க் கட்டுரை எழுதுகிற பழக்கம் அன்றோடு ஒழிய வேண்டும், காலி இடத்தில் இனிக் கறுப்புக் கட்டங்கள் மட்டுமே இருக்கலாம். ஆதாரம் இல்லாத ஒரு கட்டுரைக்குப் பச்சை போடுகிற மென்பொருளைத் தனியாக விடுவதற்கும் இல்லை. ஆகவே அடுத்த வருஷமும் கமாக்கா இருக்கட்டும், மென்பொருள் அவர் பக்கத்தில் இருக்கட்டும். திருத்தக் குறிப்பு ஒன்று அடுத்த இதழில் அவர் பெயரோடு வெளிவர வேண்டும். கமாக்கா மூன்று தடவை படித்தார். திட்டு இருந்த பகுதியில் கமா ஒன்று இடம் மாறியிருந்தது, அதை மன்னித்துவிட்டார். பையிலிருந்த தவளைப் படத்தை எடுத்து மறுபடி இழுப்பறைக்குள் வைத்தார்.

திருத்தக் குறிப்பை எழுதுவதுதான் சிரமமாக இருந்தது. 'மேற்படி கட்டுரையும் இல்லை, அப்படி ஓர் ஆசிரியரும் இல்லை' என்பது இப்படிப்பட்ட குறிப்புகளின் வழக்கமான வாசகம். முதல் படியில் அதைத்தான் தட்டினார். தட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்பாதியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். வழக்கமான "போ" வாயில் வரவில்லை. அந்த இடத்தில் வேறு எழுதினார்: அந்தப் பெயருக்கு உரியவர் இப்படி ஒரு கட்டுரையை எழுதியதில்லை.

எழுதிய வாக்கியத்துக்கு ஆதாரம் வேண்டுமே. அச்சில் வராத செய்தியை ஒருவர் நேரில் சொல்லியிருந்தால், அவர் பெயரைப் போட்டு 'நேரில் கூறியது' என்று அடைப்புக்குறிக்குள் தர இதழில் இடம் உண்டு. ஆனால் சொன்னவர் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும், அவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியேதான் அச்சிலும் வர வேண்டும். இந்த விதியைச் சொல்லிக் கமாக்கா எத்தனையோ பேராசிரியர்களை அலையவிட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காகிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கணவர் ஒழுகுகிற குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஏங்க. நீங்க எப்பவாவது ஆய்வுக் கட்டுரை எழுதினீங்களா?"

"இல்ல."

முதல் தடவையிலேயே பதில் வந்தது கமாக்காவுக்கு ஒரு மாதிரி இருந்தது. இதை அச்சில் போடலாமா என்று கேட்டார். "உம்" என்றார் குழாய்க்கு அடியிலிருந்து. "உம்" எல்லாம் செல்லாது, கையெழுத்து வேண்டும் என்றார் கமாக்கா. கணவர் ஊர்ந்து வெளியே வந்தார். கையைச் சட்டையில் துடைத்தார். கமாக்கா நீட்டிய பேனாவை வாங்கி, காகிதத்தைத் தரையில் வைத்து, முழங்காலில் நின்றபடி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் ஓரத்தில் கட்டைவிரல் கறை பதிந்தது. போட்டு முடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழக்கப்படி காகிதத்தையும் அவர் பக்கம் நகர்த்தினார், புள்ளி வைத்துக்கொள்ளட்டும் என்று.

கமாக்கா குனிந்தார். பேனா முனை முன்னெழுத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவர் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, இறுக மூடி, காகிதத்தை அப்படியே மடித்து வைத்துக்கொண்டார்.